வால்பாறையில் எடுத்த படம்: இளம் வைரியா, பெஸ்ராவா?

ஆள்காட்டி:

எல்லோருக்கும் வணக்கம். வைரி (ஷிக்ரா), பெஸ்ரா இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் சிறு வேட்டைப் பறவைகள் என்பதால் இந்தக் குழப்பம். வால்பாறையில் தேயிலைத் தோட்டத்தின் விளிம்பில், காட்டை ஒட்டி நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் உட்கார்ந்திருந்த பறவை இது. டிசம்பர் மாதம், காலை நேரம். இளம்பறவை என்பதில் சந்தேகமில்லை: முதுகு பழுப்பு, மார்பு வெளுப்பு, அதன்மேல் நெடுக்காக இறங்கும் பழுப்புக் கீற்றுகள், கண் மஞ்சள். தொண்டை நடுவே கருங்கோடு ஒன்று தெளிவாக ஓடுகிறது. கீழிருந்து எடுத்த படத்தில் வாலில் ஆறேழு பட்டைகள் தெரிகின்றன, எல்லாம் மெல்லியவை.

வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் இருவர், "தொண்டைக் கோடு இவ்வளவு தடிப்பாக இருக்கிறதே, கண்டிப்பாக பெஸ்ரா" என்றார்கள். இன்னொருவர், "வால் பட்டை இவ்வளவு மெலிசு, வைரியேதான்" என்றார். கைபேசிச் செயலியும் வைரி என்கிறது.

இளம்பறவையில் இந்த இரண்டையும் பிரிக்க எந்த அடையாளத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது? இதே கூட்டத்தைச் சேர்ந்த, குளிர்காலத்தில் இங்கே வரும் ஸ்பாரோஹாக்காக இருக்க வாய்ப்பு உண்டா? பறக்கும்போது எடுத்த படங்களும் சில இருக்கின்றன, ஆனால் கொஞ்சம் கலங்கல்.


மரங்கொத்தி:

படங்களைப் பார்த்தேன். உங்கள் குழுவில் இரண்டு தரப்பும் பிடித்துக்கொண்ட அடையாளங்கள், இளம்பறவையைப் பொறுத்தவரை, ஆளை ஏமாற்றுவதில் முதல் இரண்டு இடம் பிடிப்பவை. அதனால் இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலிலிருந்து வருவோம்.

முதலில் இது வேட்டைப் பறவைதானா என்று பார்த்துவிட வேண்டும். அக்காக்குயில் உருவத்திலும் பறக்கும் விதத்திலும் வைரியை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருக்கும். சிறு குருவிகளே ஏமாந்து அதைத் துரத்துகின்றன. இளம் அக்காக்குயிலுக்கும் மார்பில் பழுப்புக் கீற்று உண்டு என்பதால் இளம் வைரியோடு குழப்பம் அதிகம். அலகைப் பாருங்கள்: குயிலுக்கு நீண்டு, நுனியில் லேசாக வளைந்திருக்கும், கொக்கி கிடையாது. கால் குட்டையாக, வலுவில்லாமல், வயிற்று இறகுக்குள் பாதி மறைந்திருக்கும். கிளையில் வந்து அமர்ந்ததும் வாலைத் தூக்கி இரண்டு பக்கமும் ஆட்டும். உங்கள் படத்தில் அலகு குட்டையாக, அடியிலிருந்தே வளைந்து இறங்குகிறது. கால் நீளமாக, இறகில்லாமல் தெரிகிறது. ஆக, குயில் இல்லை.

அடுத்து தொண்டை. முதிர்ந்த வைரிக்குத் தொண்டைக் கோடு சாம்பல் நிறத்தில், மங்கலாக, தேடிப் பார்த்தால்தான் தெரியும். முதிர்ந்த பெஸ்ராவுக்குக் கறுப்பாக, தடிப்பாக, தூரத்திலிருந்தே தெரியும். முதிர்ந்த பறவை என்றால் இதை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும். இளம் வைரிக்கோ கோடு கருத்து, தெளிவாகவே இருக்கும். பறவை கழுத்தைச் சுருக்கிக்கொண்டாலோ, தொண்டை இறகு நனைந்திருந்தாலோ, இரண்டு பக்க இறகும் நடுவில் சேர்ந்து கோடு இன்னும் தடித்துக் காட்டும். அதனால் "கோடு தடிப்பு, ஆகவே பெஸ்ரா" என்பது இளம்பறவையில் செல்லாது. கழுத்தை நீட்டியிருக்கும் படத்தில் அது பாதியாகக் குறைகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது வாலுக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வாலின் நடு இறகுகளைப் பார்த்தால் வித்தியாசம் நல்ல வித்தியாசம்: இளம் வைரிக்குக் கரும்பட்டைகள் குறுகியவை, இடையிலுள்ள வெளிர் பகுதி அகலம். பெஸ்ராவுக்குக் கரும்பட்டையும் வெளிர் பகுதியும் ஏறத்தாழ ஒரே அகலம், சிலவற்றில் கரும்பட்டையே அகலம். எண்ணிக்கையும் குறைவு, மூன்று அல்லது நான்குதான் கண்ணில் படும். ஆனால் நீங்கள் காட்டியிருப்பது வாலின் அடிப்பக்கம். பறவை வாலை மடக்கி வைத்திருக்கும்போது நடு இறகுகள் மேலே வந்துவிடும், விளிம்பு இறகுகள் அடியில் போய்விடும். அதாவது கீழிருந்து பார்த்தால் உங்களுக்குத் தெரிவது விளிம்பு இறகு ஒரு ஜோடி மட்டும். அந்த ஜோடியில் வைரி, பெஸ்ரா இரண்டுக்குமே பட்டைகள் மெல்லியவை, எண்ணிக்கையில் கூடுதல். பெஸ்ராவின் அகலப் பட்டை அந்தக் கோணத்தில் தெரியவே தெரியாது. "ஆறேழு மெல்லிய பட்டை" என்று நீங்கள் எண்ணியது சரிதான், அது எதையும் நிரூபிக்கவில்லை என்பதுதான் விஷயம். பறவை முதுகைக் காட்டி உட்கார்ந்த படமோ, வாலை விரித்த படமோ இருந்தால் போடுங்கள்.

கடைசியாகக் கால். பலர் பார்க்கத் தவறுவது இதைத்தான். பெஸ்ராவின் கால் மெலிந்து நீண்டது. நடுவிரல் மற்ற விரல்களைவிட நன்றாக நீண்டு, கிளையைச் சுற்றி வளைந்து நிற்கும். காட்டுக்குள் சிறு பறவைகளைத் துரத்திப் பிடிப்பதற்கு ஏற்ற கால். ஓணான், எலி, வெட்டுக்கிளி என்று தரையிலிருந்தும் நிறைய எடுக்கும் வைரிக்கு விரல்கள் குட்டை, தடிமன். விரல் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று இருந்தால் தொண்டைக் கோட்டைவிட அதைத்தான் நான் நம்புவேன்.

மார்புக் கீற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. இளம் வைரிக்கு அவை சொட்டுச் சொட்டாக, துளி வடிவில், வெள்ளைப் பின்னணியில் இடைவெளிவிட்டு இருக்கும். பெஸ்ராவுக்கு மார்பு நடுவில் கீற்றுகள் நெருக்கம், வயிற்றின் பக்கவாட்டுக்கு வரும்போது குறுக்குப் பட்டையாக மாறும். ஆனால் வைரியும் முதல் இறகுதிர்ப்பில் கீற்றை விட்டுக் குறுக்கு வரிக்கு மாறும். அந்த இடைக்காலத்தில் மார்பில் இரண்டும் கலந்து கிடக்கும். அப்போது முதுகில் பழுப்புக்கு நடுவே புதிதாக முளைத்த சாம்பல் இறகுகள் திட்டுத்திட்டாகத் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது மாறும் கட்டத்தில் உள்ள பறவை, மார்பை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.


பனங்காடை:

மரங்கொத்தி ஐயா உட்கார்ந்த பறவையைச் சொல்லிவிட்டார். பறக்கும் படம் கலங்கலாக இருந்தாலும் வீசிவிடாதீங்க. ஸ்பாரோஹாக்கா இல்லையான்னு முடிவு பண்ண அதுதான் உதவும்.

சிறகின் நுனியில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கிற இறகுகளை விரல் இறகுன்னு சொல்வோம். வைரிக்கு ஐந்து, பெஸ்ராவுக்கும் ஐந்து. யுரேசிய ஸ்பாரோஹாக்குக்கு ஆறு. அதனால இந்த எண்ணிக்கை வைரியையும் பெஸ்ராவையும் பிரிக்காது; இந்த இரண்டையும் ஸ்பாரோஹாக்கிடமிருந்து பிரிக்கும். எண்ணும்போது மூன்று விஷயத்தில் கவனம் வேணும். ஒன்று, சிறகு முழுசாக விரிந்த படத்தில்தான் எண்ணணும். மிதந்து போகும்போது பாதி மடக்கின சிறகில் உள்பக்க விரல் ஒளிஞ்சுக்கும். இரண்டு, ஸ்பாரோஹாக்கின் ஆறாவது விரல் மற்றதைவிட ரொம்பக் குட்டை, கலங்கல் படத்தில் அதை விட்டுட்டு ஐந்துன்னு எண்ணிடுவோம். மூன்று, இறகுதிர்ப்பில் இருக்கிற பறவைக்கு ஒரு இறகு விழுந்து இடைவெளி இருக்கலாம். ஆகவே இடது, வலது இரண்டு சிறகையும் தனித்தனியா எண்ணுங்க. இரண்டிலும் ஒரே எண் வந்தால்தான் கணக்கு.

ஸ்பாரோஹாக்குக்குத் தொண்டை நடுக்கோடே கிடையாது. மெல்லிய கீற்றுகள் தொண்டை முழுக்கப் பரவியிருக்கும். வெளிச்சம் குறைந்த படத்தில் இந்தக் கீற்றெல்லாம் ஒன்று சேர்ந்து கோடு மாதிரி தோணும், அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் பிரிஞ்சிடும். இளம் ஸ்பாரோஹாக்குக்கு மார்பில் நெடுக்குக் கீற்று இருக்காது. கரடுமுரடான, உடைஞ்ச குறுக்குப் பட்டைதான். உங்க பறவைக்கு மார்பு நடுவில் தெளிவான நெடுக்குக் கீற்று இருக்கிறதால இங்கேயே ஸ்பாரோஹாக் கிட்டத்தட்ட விலகிடுது.

அளவை வைத்து யாராவது சொன்னால் காதில் போட்டுக்காதீங்க. இந்தக் கூட்டத்தில் பெண் பறவைதான் பெரிசு. ஸ்பாரோஹாக்கில் ஆண் 110 முதல் 196 கிராம், பெண் 185 முதல் 342 கிராம். ஒரே இனத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். ஆண் ஸ்பாரோஹாக்கையும் பெண் வைரியையும் ஒரே கிளையில் வைத்தாலும் அளவை வைத்துப் பிரிக்க முடியாது. தனியா ஒரு பறவை மரத்து உச்சியில் உட்கார்ந்திருக்கும்போது "பெரிசா இருந்தது" என்பதற்கு அர்த்தமே இல்லை.

சமவெளியில் முதிர்ந்த பறவை என்றால் இவ்வளவு தலைவலி இல்லை. முதிர்ந்த ஆண் வைரி கீழிருந்து பார்த்தால் சிறகின் அடிப்பக்கம் கிட்டத்தட்ட வெறும் வெளுப்பு, நுனி மட்டும் கருப்பு. விழி ஆரஞ்சு கலந்த சிவப்பு. பெண்ணுக்கு விழி மஞ்சள் ஆரஞ்சு. மார்பிலிருந்து வயிறு வரை ஒரே சீரான மெல்லிய செம்பழுப்பு வரி. ஸ்பாரோஹாக்குக்குச் சிறகடி முழுக்கப் பட்டை பட்டையா இருக்கும். வால் நீளம், நுனி சதுரமா வெட்டினது போல, அதில் சீரான இடைவெளியில் நாலைந்து கரும்பட்டை. பெண்ணுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவக் கோடு. முதிர்ந்த பெஸ்ரா என்றால் முதுகு கருஞ்சாம்பல், மார்பு நடுவில் கருங்கீற்று, இரண்டு பக்கமும் செம்பழுப்பு, வயிற்றில் அகலமான பட்டை. வைரியின் வெளிர்சாம்பல் முதுகோடு ஒப்பிட்டால் இந்தக் கருமை கண்ணை உறுத்தும்.


ஆள்காட்டி:

இருவருக்கும் மிக்க நன்றி. பழைய படங்களைத் தோண்டியதில் பறவை திரும்பி உட்கார்ந்த ஒன்று கிடைத்தது. வாலின் மேற்பக்கத்தில் அகலமான கரும்பட்டை மூன்று தெளிவாக இருக்கின்றன, நான்காவது வாலடியில் சிறகு நுனிக்குக் கீழே பாதி மறைந்திருக்கிறது. கரும்பட்டைக்கும் இடையிலுள்ள வெளிர் பகுதிக்கும் அகலத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நடுவிரல் மற்றவற்றைவிட நீண்டுதான் தெரிகிறது. பறக்கும் படத்தில் இடது சிறகில் ஐந்து, வலதிலும் ஐந்து. முதுகில் சாம்பல் இறகு எதுவும் இல்லை.

இதே கூட்டத்துப் பறவையான கொண்டை கோஸ்ஹாக்கும் வால்பாறைப் பக்கம் உண்டே, அதுவும் தொண்டைக் கோடு உள்ளதுதானே? அதை எப்படி விலக்குவது?


மரங்கொத்தி:

நீங்கள் சொல்வது எல்லாம் பெஸ்ராவோடு பொருந்துகிறது. மேற்பக்க வால், நடுவிரல், மார்புக் கீற்றின் நெருக்கம், மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் நான் தயங்கியிருப்பேன். மூன்றும் சேர்ந்ததால் பெஸ்ரா என்று எழுதலாம். இடமும் ஒத்துழைக்கிறது: பெஸ்ரா மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பறவை, காட்டோரம் வரும். ஆனால் இடத்தைச் சாட்சியாக வைக்காதீர்கள். தேயிலைத் தோட்டத்திலும், ஊருக்குள்ளும், சாலையோர மரத்திலும் வைரி தாராளமாக இருக்கும்.

கொண்டை கோஸ்ஹாக்கைக் கேட்டது சரியான கேள்வி. அதற்கும் தடித்த தொண்டைக் கோடு, மார்பில் கீற்று, வயிற்றில் பட்டை, வாலில் அகலமான பட்டை எல்லாம் உண்டு. நிற வடிவத்தை மட்டும் பார்த்தால் பெஸ்ராவைப் பெரிதாக்கியதுபோல இருக்கும். உடலமைப்பைப் பார்க்க வேண்டும். கோஸ்ஹாக்குக்குக் கால் கட்டை, தடிமன். பெஸ்ராவின் குச்சிக் கால் இல்லை. பிடரியில் குட்டைக் கொண்டை, உட்கார்ந்திருக்கும்போது சில கோணத்தில் மட்டும் சிறு முனையாகத் தெரியும். கொண்டை தெரியவில்லை என்பதால் கோஸ்ஹாக் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. படிந்திருந்தால் காணவே காணாது. பறக்கும்போது சிறகு அகலம், பின்விளிம்பு நடுவில் பிதுங்கி, உடலோடு சேரும் இடத்தில் குறுகும். விரல் இறகு ஆறு. வாலடியின் வெள்ளை இறகுகள் பஞ்சுபோல் விரிந்து வாலின் இரண்டு பக்கமும் பிதுங்கித் தெரியும், மேலே வட்டமிடும்போது அது நன்றாக எடுபடும். உங்கள் பறவைக்கு விரல் இறகு ஐந்து, கால் மெலிவு. அது விலகிவிட்டது.

செயலி வைரி என்று சொன்னதைப் பற்றி: அது நீங்கள் கொடுத்த படத்தோடு இடத்தையும் தேதியையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. எங்கும் காணப்படும் பறவை பக்கம் அது சாய்வதில் ஆச்சரியமில்லை. வாலின் அடிப்பக்கப் படத்தைக் கொடுத்தால் மனிதர் விழும் அதே குழியில்தான் அதுவும் விழும்.


தையல்சிட்டு:

இதே இழையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மலையை விட்டுக் கீழே இறங்கினால் புல்வெளி, கரம்பு, உப்பளம், ஏரிக்கரை இங்கெல்லாம் பிரச்சினை வேறு. கெஸ்ட்ரல், கருந்தோள் பருந்து, செந்தலை வல்லூறு, எப்போதாவது அமூர் வல்லூறு. இவற்றுக்கும் இப்படி ஒரு வரிசை சொல்ல முடியுமா? புதிதாக வருபவர்கள் தந்திக்கம்பியில் எது உட்கார்ந்தாலும் வைரி என்று எழுதிவிடுகிறார்கள்.


பனங்காடை:

சொல்லலாம். முதலில் கண்ணைப் பாருங்க. வல்லூறுக் கூட்டத்துக்கு, கெஸ்ட்ரல் உட்பட, விழி எப்போதும் கரும்பழுப்பு. தூரத்தில் கருப்பாத் தெரியும், சுற்றிலும் மஞ்சள் வளையம். வைரி, பெஸ்ரா, ஸ்பாரோஹாக் எல்லாத்துக்கும் விழி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. கருந்தோள் பருந்துக்குச் சிவப்பு. இந்த ஒன்றைப் பார்த்தாலே பாதிப் பெயர்கள் அடிபட்டுப் போகும். அடுத்து சிறகு: வல்லூறுக்கு நுனி கூர்மை, விரல் இறகு பிரிந்து தெரியாது. வைரிக்குச் சிறகு குட்டை, நுனி வட்டம்.

அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கிற சின்னப் பறவை என்றால் நம்ம பக்கம் இரண்டுதான் மனசில் வரணும். கருந்தோள் பருந்து வெள்ளை, வால் குட்டை, தோளில் கருந்திட்டு. கெஸ்ட்ரலுக்கு வால் நீளம், நிற்கும்போது விசிறி மாதிரி விரிச்சு வைக்கும், நுனிக்கு முன்னாடி அகலமான கருப்புப் பட்டை. முதுகு செங்கல் நிறம். சூரியனுக்கு எதிரே நிழலுருவமா மட்டும் தெரிந்தாலும் வால் நீளத்தை வைத்தே பிரிச்சிடலாம்.

கெஸ்ட்ரல் பெரும்பாலும் குளிர்கால விருந்தாளி. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை முகடுகளில் இங்கேயே தங்கிக் குஞ்சு பொரிக்கிற, நிறம் அடர்ந்த உள்ளினம் ஒன்று இருக்கு. அதனால மே மாதம் நீலகிரியில் கெஸ்ட்ரலைப் பார்த்தால் திகைக்க வேண்டாம்.

சின்ன கெஸ்ட்ரல் வலசைப் போக்கில் அபூர்வமா வரும். முதிர்ந்த ஆண் என்றால் சுலபம்: முதுகில் கரும்புள்ளியே இல்லாத வெறும் செங்கல் நிறம், சிறகில் அதற்கும் கருநுனிக்கும் நடுவே நீலச்சாம்பல் பட்டை, கன்னத்தில் மீசைக் கோடு இல்லை. பெண்ணும் இளசும்தான் கஷ்டம். அங்கே நகம்தான் சாட்சி: சின்ன கெஸ்ட்ரலுக்கு நகம் வெளிர், பொது கெஸ்ட்ரலுக்குக் கருப்பு. இதில் ஒரு ஏமாற்று உண்டு. வெயில் பட்டால் கருநகமும் பளபளத்து வெளுப்பாத் தெரியும், மண் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். எல்லா நகமும், எல்லாப் படத்திலும், நிழலில் இருக்கிற நகம் உட்பட வெளுப்பா இருக்கணும். உட்கார்ந்திருக்கும்போது சிறகு நுனி வால் நுனியை எவ்வளவு நெருங்குதுன்னும் பாருங்க, சின்ன கெஸ்ட்ரலில் கிட்ட வரும், பொது கெஸ்ட்ரலில் நல்ல இடைவெளி விழும். கண்ணுக்குப் பின்னால் போகிற கருங்கோடும் பொது கெஸ்ட்ரலில்தான் தெளிவு.

செந்தலை வல்லூறை வைரின்னு எழுதுவது நிறைய நடக்குது. இரண்டுக்கும் சாம்பல் முதுகு, வயிற்றில் மெல்லிய வரி. ஆனால் இதற்கு உச்சந்தலையும் பிடரியும் செங்காவி, வயிற்று வரி கருப்பு, வைரிக்கு வரி செம்பழுப்பு. வால் நுனிக்கு முன்னால் அகலமான ஒற்றைக் கரும்பட்டை. விழி கருப்பு. பனைமரம் உள்ள வெட்டவெளியில் ஜோடியா இருக்கும், ஜோடியாகவே வேட்டையாடும். பறக்கும்போது வைரி நாலு அடி, ஒரு மிதப்புன்னு போகும். இது சிறகை விடாம அடிச்சுத் தாழ்வா, நேர்கோட்டில் போகும்.

அமூர் வல்லூறு நவம்பர், டிசம்பரில் நாட்டின் குறுக்கே கடந்து, அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குப் போகுது. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் லட்சக்கணக்கில் கூடுவது இதுதான். நம்ம பக்கம் பார்க்க வாய்ப்பு வலசை நாட்களில்தான். ஆண் கருஞ்சாம்பல், பறக்கும்போது சிறகின் அடியில் முன்பாதி வெள்ளை. அதை வேறு எதோடும் குழப்ப முடியாது. பெண்ணைத்தான் ஹாபி என்கிற இன்னொரு வல்லூறுன்னு நினைப்பாங்க. காலைப் பாருங்க: அமூருக்குக் கால், அலகின் அடித்தோல், கண் வளையம் மூன்றும் ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஹாபிக்கு மூன்றும் மஞ்சள். இளம் அமூருக்குக் கால் வெளிர் ஆரஞ்சாக இருக்கும், அங்கேதான் தடுமாறும். அப்போ சிறகடியைப் பாருங்க, அமூருக்கு வெள்ளைப் பின்னணியில் கருங்கோலம், ஹாபிக்கு மொத்தமா அடர்ந்த கலவை.

கம்பியில் உட்கார்கிறதில் இன்னொன்றையும் சேர்த்துக்கோங்க: வெள்ளைக்கண் வைரி. இதற்கும் தொண்டைக் கோடு இருக்கிறதால வைரின்னு எழுதிடுவாங்க. நடுக்கோட்டோடு இரண்டு கன்னக் கோடும் சேர்ந்து மூன்று கோடா இருக்கும், பிடரியில் வெள்ளைத் திட்டு, விழி வெள்ளை. உருவமும் நன்றாகப் பெரிசு, சிறகு நுனி வால் நுனியைக் கிட்டத்தட்டத் தொடும்.


தையல்சிட்டு:

அருமை, நன்றி. படம் எடுப்பதைப் பற்றி என் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறேன். அடையாளம் காண உதவாத படமாகப் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் வெளிச்ச அமைப்புதான்.

வானத்துக்கு எதிரே பறக்கும் பறவையைக் கேமரா தன்னிச்சையாக எடுத்தால் வானத்துக்கு ஏற்ப இருட்டாக்கிவிடும், சிறகடி முழுக்கக் கருநிழல் ஆகிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 முதல் +1.7 வரை ஏற்றி வையுங்கள். வானம் வெளுத்துப் போகட்டும், நமக்கு வேண்டியது சிறகடிப் பட்டை. விரல் இறகு எண்ண 1/2000 நொடிக்குக் குறையாத ஷட்டர் வேகம் வேண்டும். அதற்காக ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும், குறுமணி விழுந்த படத்தில் விரலை எண்ணலாம், கலங்கிய படத்தில் முடியாது. தொடர்ச்சியாக எடுங்கள், சிறகு முழுதும் விரிந்த நொடி பத்துப் படத்தில் ஒன்றில்தான் விழும். வசதியிருந்தால் ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) வைத்துக்கொள்ளுங்கள், நிழலைப் பிற்பாடு தூக்கலாம்.

உட்கார்ந்த பறவையை முகம் தெரிய நாலு படம் எடுத்ததும் திருப்தியாகி நகர்ந்துவிடாதீர்கள். அது திரும்பி உட்காரும்வரை நில்லுங்கள். முதுகுப் பக்கம், வாலின் மேற்பரப்பு, கால் விரல், நீட்டிய கழுத்து, இந்த நான்கும் கையில் இருந்தால் வாதமே வராது. குழுவில் போடும்போது வெட்டிச் சுருக்கியதை மட்டும் போடாமல் முழுப் படத்தையும் போடுங்கள். கூர்மையேற்றும் வேலையைச் செய்யாதீர்கள். அது கீற்றின் விளிம்பைத் தடிப்பாக்கிவிடும், தொண்டைக் கோட்டையும் சேர்த்துத்தான்.

குரலைக் கேட்டுப் பதிவு செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வைரியின் "டீ-டூயி" என்ற இரட்டை அழைப்பைக் கரிச்சானும் துடுப்புவால் கரிச்சானும் அச்சாகப் பாவனை செய்யும். பறவை கண்ணில் படாமல் குரலை மட்டும் வைத்து வைரி என்று எழுத வேண்டாம். பெஸ்ராவின் குரல் வேகமாக அடுக்கிக்கொண்டே போகும் "ச்யூ-ச்யூ-ச்யூ".

பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் (eBird) பதிவிடும்போது பெயர் குழப்பம் வரலாம். பழைய கையேடுகளில் இவை எல்லாமே அக்சிபிட்டர் என்ற ஒரே பேரினம். 2024-இல் வந்த பட்டியல் மாற்றத்தில் வைரியும் பெஸ்ராவும் டாக்கிஸ்பைசாவுக்கும், கொண்டை கோஸ்ஹாக் லோஃபோஸ்பைசாவுக்கும் போய்விட்டன. ஸ்பாரோஹாக் மட்டும் அக்சிபிட்டரிலேயே இருக்கிறது. அறிவியல் பெயரை வைத்துத் தேடினால் பழைய பெயரில் கிடைக்காமல் போகலாம், பொதுப் பெயரில் தேடுங்கள். இனம் உறுதியாகாதபோது இன்ன கூட்டம் என்று மட்டும் பதியும் வழி அதில் உண்டு. கலங்கல் படத்தை வைத்து பெஸ்ரா என்று ஊகித்து எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆள்காட்டி அண்ணா, உங்கள் பதிவில் வாலின் மேற்பக்கப் படத்தை முதலாவதாகவும், கால் விரல் தெரியும் படத்தை இரண்டாவதாகவும் ஏற்றி, குறிப்பில் "நடு வால் இறகில் கரும்பட்டையும் வெளிர் பகுதியும் சம அகலம், விரல் இறகு இரண்டு பக்கமும் ஐந்து, நடுவிரல் நீளம்" என்று எழுதிவிடுங்கள். சரிபார்ப்பவர் திரும்பக் கேட்க வேண்டி வராது.